முதுகுத் தண்ணீரிடம் என்ன கேட்பது?

பள்ளத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய நாள் முதல் இந்த வட்டாரத்து மேடைகளுக்கு ஒரு ருசி ஏற்பட்டுவிட்டது. பேச வருகிறவர் கம்பனில் ஒரு முழுக்காவது போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் நரம்பு மருத்துவன். நாள்பட்ட நரம்பு நோய்கள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்போது, அவற்றைப் பிரித்தறிய முதுகிலிருந்து எடுக்கும் நீர் எப்படிப் பயன்படுகிறது என்பதுதான் இன்றைய பொருள்.

மருத்துவமனையில் நாங்கள் இப்படி ஊசி போட்டு நீர் எடுப்பதை எல்.பி. என்போம். எடுத்த நீர் சி.எஸ்.எஃப். வீட்டார் 'முதுகுத் தண்ணி' என்பார்கள். அதை எடுக்க வேண்டும் என்று சொன்னவுடன் பாதிக் குடும்பங்களில் ஒரே பதில்தான் வரும்: "வேணாம் டாக்டர், தண்ணி எடுத்தா கால் விளங்காமப் போயிருமாம். எங்க பக்கத்து வீட்டுல ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு." அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கால் ஏற்கெனவே விளங்காமல் போய்க்கொண்டிருந்தது, அதற்குக் காரணம் தேடத்தான் நீர் எடுத்தார்கள் என்பது கதை கைமாறும்போது உதிர்ந்துவிடுகிறது. இந்தப் பயத்தை முதலில் பேசி முடித்துவிடலாம்.

தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் ஓடுவதில்லை. வளர்ந்தவர்களுக்கு அது இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்பு மட்டத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே உறை மட்டும் தொடர்கிறது. உறைக்குள் நீரும், அதில் மிதக்கும் நரம்பு வேர்களும்தான் உண்டு. நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து மடக்கச் சொல்கிறோம். இடுப்பெலும்பின் இரண்டு மேல் விளிம்புகளையும் விரலால் தொட்டு, குறுக்கே ஒரு கோடு நினைத்துக்கொண்டால் அது நான்காவது முள்ளெலும்பின் மேல் போகும். ஊசி இறங்குவது அதை ஒட்டின மேல் இடைவெளியில், அல்லது கீழ் இடைவெளியில். தண்டுவடம் அங்கே இல்லை. வேர்கள் நீரில் மிதப்பதால் பெரும்பாலும் ஊசி முனைக்கு விலகிக்கொடுக்கும். எப்போதாவது ஒரு வேரில் பட்டால் காலில் சுரீரென்று ஒரு மின்னல் ஓடும். ஊசியைச் சற்று இழுத்துத் திசை மாற்றினால் நின்றுவிடும். உறையைத் துளைக்கும் நொடியில் மருத்துவர் விரலுக்கு ஒரு சின்ன 'பொத்' தெரியும். உள்கம்பியை உருவினால் நீர் சொட்டுச் சொட்டாக விழும். உறிஞ்சி எடுப்பதில்லை, தானாக விழுவதைப் பிடிக்கிறோம்.

உடம்பில் இந்த நீர் மொத்தம் 150 மில்லி அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 மில்லி ஊறுகிறது, அதே அளவு ரத்தத்தில் திரும்பக் கலக்கிறது. ஆரோக்கியமானவருக்கு அது பளிங்காகத் தெளிந்திருக்கும். ஒரு கன மில்லிமீட்டரில் ஐந்து வெள்ளணுக்களுக்கு மேல் இராது. புரதம் டெசிலிட்டருக்கு 15 முதல் 45 மில்லிகிராம். சர்க்கரை, அதே நேரத்து ரத்தச் சர்க்கரையில் மூன்றில் இரண்டு பங்கு போல. மூளையையும் தண்டுவடத்தையும் நனைத்துக்கொண்டு ஓடுவதால், அங்கே நடக்கும் சண்டையின், சிதைவின் சிதறல்கள் இதில் வந்து சேருகின்றன.

இதை உயிருள்ள மனிதரிடமிருந்து ஊசியால் எடுக்கலாம் என்று 1891-இல் காட்டியவர் ஜெர்மனியின் கீல் நகரத்து ஹைன்ரிஷ் குவின்கே. மூளையில் நீர் கட்டிய குழந்தைகளுக்கு அழுத்தத்தைக் குறைப்பதுதான் அவர் நோக்கம். எடுத்த நீரை வீணாக்காமல் அழுத்தம் அளந்தார், புரதமும் சர்க்கரையும் பார்த்தார். அதே ஆண்டில் லண்டனில் எசெக்ஸ் விண்டர் என்பவரும் காசநோய் மூளைக்காய்ச்சல் கண்டவர்களுக்கு முதுகைத் திறந்து நீரை வடித்தார். எட்டு ஆண்டுகளுக்குள் இதற்கு ஒரு வேடிக்கையான கிளைக்கதையும் சேர்ந்தது. அதே கீல் நகரத்தில் 1898-இல் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர், முதுகு வழியாக மரத்துப்போகச் செய்ய முடியுமா என்று தன் உதவியாளரை வைத்துத் தன் மேலேயே சோதித்தார். ஊசிக்கும் மருந்துக்குழலுக்கும் பொருத்தம் சரியில்லை, நீர் நிறைய வழிந்துவிட்டது. பிறகு பியருக்கு ஒன்பது நாள் தலைவலி. எழுந்தால் வலிக்கும், படுத்தால் தீரும். இன்றும் நோயாளிகள் சொல்லும் அதே தலைவலியை நுணுக்கமாக எழுதிவைத்தவர் அவர்தான்.

நோயைப் பிரித்தறிய இந்த நீரைப் பயன்படுத்தியது சிபிலிஸ் என்ற மேகநோயில் தொடங்குகிறது. அது மூளையைத் தாக்கினால் புத்தி பேதலிக்கும், கைகால் நடுங்கும், பேச்சுக் குழறும். அந்தக் கால மனநோய் விடுதிகளில் கணிசமானவர்கள் இந்த நோயாளிகள். 1906-இல் மேகநோயை ரத்தத்தில் கண்டறியும் வாசர்மன் பரிசோதனை வந்ததும் அதை நீரிலும் செய்துபார்த்தார்கள். 1912-இல் பெர்லினில் கார்ல் லாங்கே செய்தது நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். தங்கத்தை மிக நுண்ணிய துகளாக நீரில் கலந்தால் நல்ல சிவப்பு நிறக் கரைசல் கிடைக்கும். பத்துக் குழாய்களில் நோயாளியின் முதுகு நீரைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றிலும் இந்தத் தங்கக் கரைசலைச் சேர்த்தார். நீரில் உள்ள புரதங்களின் தன்மைக்கேற்ப ஒரு சில குழாய்களில் சிவப்பு ஊதாவாகி, நீலமாகி, கடைசியில் நிறமே இல்லாமல் போகும். முதல் குழாய்களிலேயே நிறம் போனால் மேகநோய் மூளையைத் தாக்கியிருக்கிறது என்று கணக்கு. பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. மேகநோய்க்கு வாசர்மன் 'இல்லை' என்கிற சிலருக்கும் தங்கம் இதே நிறக்கோலம் காட்டியது. அவர்களில் பலருக்கு இருந்தது, மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் இன்னொரு நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். இரண்டு பரிசோதனைகளையும் சேர்த்து வாசித்தபோதுதான் ஒரு நோய் இரண்டாகப் பிரிந்தது.

இந்தப் பேச்சில் நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதில் அடங்கியிருக்கிறது. முதுகு நீர் தானாக நோயின் பெயரைச் சொல்வதில்லை. 'இதுவா, அதுவா' என்று மருத்துவர் தயங்கி நிற்கும் இடத்தில்தான் அது வாய் திறக்கும். கேள்வி இல்லாமல் எடுத்த நீர், ஆய்வகத்தில் ஒரு எண் வரிசையாக முடிந்துபோகும்.

அந்தத் தங்கக் கரைசல் காட்டியது எந்தப் புரதத்தை என்று தெரியப் பிறகு முப்பது ஆண்டுகள் ஆயின. நியூயார்க்கில் எல்வின் கபாட் 1942-இல் மின்புலத்தில் புரதங்களை ஓடவிட்டுப் பிரிக்கும் முறையில் முதுகு நீரை ஆராய்ந்தார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளிடம் காமா குளோபுலின், அதாவது எதிர்ப்புப் புரதம், கூடியிருப்பது தெரிந்தது. அந்த மின்பிரிப்பு முறையை உருவாக்கிய ஸ்வீடன் நாட்டு டிசீலியஸுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது 1948-இல். அதே ஆண்டில்தான் அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இரண்டுக்கும் நேர்த் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த ஆய்வகத்தின் வாசல் வழியாகப் பேருந்தில் போகும் கல்லூரிப் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்திருப்பதில் தப்பில்லை.

நம் மண்ணுக்கு வருவோம். இங்கே முதுகு நீரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி காசநோயைப் பற்றியது. காசநோய் மூளையுறையைத் தாக்கினால் ஒரே நாளில் விழுத்தாட்டாது. இரண்டு மூன்று வாரம் லேசான காய்ச்சல், தலைவலி, பசியின்மை, எரிச்சல். குழந்தையானால் விளையாடாமல் சுருண்டு கிடக்கும். வயதானவரானால் பேச்சில் தடுமாற்றம். வீட்டில் 'காத்துக் கறுப்பு' என்பார்கள், சில நேரம் மருத்துவரே மனச்சோர்வு என்று மாத்திரை எழுதிவிடுவார். சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையம் 1956-இல் தொடங்கியது. வீட்டிலிருந்தபடியே காசநோய்க்குச் சிகிச்சை எடுக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டிய இடம் அது. அந்த மையத்தார் மூளையுறைக் காசநோய் கண்ட 180 குழந்தைகளுக்கு மூன்று விதமான மருந்துச் சேர்க்கைகளைக் கொடுத்து, முடிவுகளை 1986-இல் வெளியிட்டார்கள். நல்ல மருந்துகள்தான் கொடுத்தார்கள், கண்காணிப்பும் இருந்தது. அப்படியும் நாலில் ஒரு பங்குக்கு மேல் குழந்தைகள் இறந்தன. மூன்றில் ஒரு பங்கினர்தான் முழுதாகத் தேறினார்கள். மற்றவர்களுக்கு ஏதாவது ஒரு குறை தங்கிவிட்டது. யார் தேறினார்கள், யார் தேறவில்லை என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது, எந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதுதான்.

அதனால் சந்தேகம் வந்த அன்றைக்கே நீரை எடுக்க வேண்டும். காசநோய் நீருக்கு ஒரு முகம் உண்டு. வெள்ளணுக்கள் சில நூறு, அதிலும் லிம்போசைட்டுகள் அதிகம். புரதம் ஏறியிருக்கும், சர்க்கரை இறங்கியிருக்கும். குழாயை அசைக்காமல் சில மணி நேரம் வைத்தால், மேலிருந்து கீழே மெல்லிய சிலந்திவலைப் படலம் ஒன்று தொங்குவதைப் பார்க்கலாம். பழைய தலைமுறை மருத்துவர்கள் அதை ஊசிமுனையால் எடுத்துக் கண்ணாடித் துண்டில் பரப்பிச் சாயம் ஏற்றிக் கிருமி தேடுவார்கள். பொறுமை உள்ளவர்களுக்கு அது கிடைக்கும். இப்போது சிபிநாட் வந்துவிட்டது, கிருமியின் மரபுப்பொருளைச் சில மணி நேரத்தில் கண்டுபிடிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே முதுகு நீரில் செய்யும் முதல் பரிசோதனையாக அதைப் பரிந்துரைத்துவிட்டது.

இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிதாகிறது. காசநோய்க் கிருமி இந்த நீரில் மிகக் குறைவாகவே இருக்கும். இரண்டு மில்லி எடுத்து நாலு பரிசோதனைக்குப் பங்கு போட்டால் கிருமி யாருடைய பங்கிலும் வராது. பெரியவர்களுக்கு எட்டு, பத்து மில்லியாவது எடுக்க வேண்டும். 'தண்ணி கொஞ்சமா எடுங்க டாக்டர்' என்று வீட்டார் கெஞ்சுவது எனக்குப் புரிகிறது. ஆனால் கொஞ்சமாக எடுப்பதற்குத்தான் விலை அதிகம். இன்னொன்று, சிபிநாட் 'இல்லை' என்று வந்தாலும் காசநோய் இல்லை என்று ஆகிவிடாது. அணுக்களும் சர்க்கரையும் காசநோய் முகம் காட்டினால் மருந்தைத் தொடங்கிவிடுவதுதான் முறை. சர்க்கரையைப் பார்க்கும்போது அதே நேரத்து ரத்தச் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் நீரிழிவு இல்லாத வீடு எது? ரத்தத்தில் 300 இருப்பவருக்கு முதுகு நீரில் 90 என்பது குறைவு. தனியாக அந்த 90-ஐப் பார்த்தால் சரியாக இருப்பது போலத் தோன்றும்.

காசநோய் போலவே முகம் காட்டும் இன்னொன்று கிரிப்டோகாக்கஸ் என்ற காளான் தொற்று. எச்.ஐ.வி. போன்றவற்றால் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு வரும். ஒரு சொட்டு நீரில் இந்தியா இங்க் என்ற கறுப்பு மையைக் கலந்து பார்த்தால், கறுப்புப் பின்னணியில் காளான் செல்லைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். இப்போது அதன் ஆன்டிஜெனைக் காட்டும் பட்டைச் சோதனை சில நிமிடங்களில் முடிகிறது. இரண்டு நோய்க்கும் மருந்து வேறு. மாற்றிக் கொடுத்தால் ஆள் தங்க மாட்டார்.

அடுத்தது இளைஞர்களுடைய சிக்கல். இருபது முப்பது வயதில் ஒரு கண் திடீரென மங்குகிறது, ஒரு மாதம் கழித்துச் சரியாகிறது. பிறகு கால் மரத்துப்போகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸா, அல்லது 1894-இல் பிரான்ஸில் டெவிக் என்பவர் விவரித்த, கண்நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் வேறொரு நோயா? வெகுகாலம் அது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் ஆசிய வடிவம் என்றே கருதப்பட்டது. 2004-இல் அமெரிக்க மேயோ கிளினிக்கின் வாண்டா லெனனும் ஜப்பானியக் கூட்டாளிகளும் அந்த நோயாளிகளின் ரத்தத்தில் தனி எதிர்ப்புப் புரதம் ஒன்றைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு அதன் இலக்கு அக்வாபோரின்-4 என்ற நீர்வாய்க்கால் புரதம் என்று தெரிந்தது. அதோடு அது தனி நோயானது. பெயரைப் பிரிப்பது எதற்கு என்று கேட்கலாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் பீட்டா போன்ற சில மருந்துகள் இந்த நோயை மோசமாக்கும். பெயர் தப்பினால் மருந்தே கண்ணைப் பறிக்கும்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் முதுகு நீரில் தனித்தனிக் கோடுகளாக எதிர்ப்புப் புரதங்கள் தெரியும். ஒலிகோகுளோனல் பட்டைகள் என்போம். அவை நீரில் மட்டும் இருந்து ரத்தத்தில் இல்லாவிட்டால்தான் மூளைக்குள் உற்பத்தியானவை என்று பொருள். ஆகவே அதே நாளில் ரத்தமும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட வேண்டும். நீர் மட்டும் அனுப்பிவிட்டு ரத்தம் அனுப்ப மறந்த சீட்டுகள் எத்தனையோ ஆய்வகங்களில் தூங்கிக்கொண்டிருக்கின்றன. ஐரோப்பியர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்தப் பட்டைகள் உண்டு. இந்தியாவிலிருந்து வந்த பழைய அறிக்கைகளில் எண்ணிக்கை அதைவிடக் குறைவு. அதில் எவ்வளவு நம் நோயின் இயல்பு, எவ்வளவு பழைய ஜெல் முறையின் குறை என்று பிரிப்பது எளிதல்ல. நுட்பமான ஐசோஎலக்ட்ரிக் ஃபோக்கசிங் முறையில் செய்தால்தான் 'இல்லை' என்ற சொல்லுக்கு மதிப்பு. 2017-இல் திருத்திய மெக்டொனால்ட் விதிகள், முதல் தாக்குதலிலேயே இந்தப் பட்டைகள் இருந்தால் இரண்டாவது தாக்குதலுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றன. மருத்துவர்கள் இந்த நீரை மறுபடி மதிக்கத் தொடங்கியது அப்போதுதான் என்று நினைக்கிறேன். ஸ்கேன் வந்த பிறகு ஒரு இருபது ஆண்டு அதை ஓரங்கட்டிவிட்டிருந்தோம்.

அக்வாபோரின் நோயில் பட்டைகள் பெரும்பாலும் இராது. தாக்குதல் நேரத்தில் அணுக்கள் ஐம்பதைத் தாண்டலாம், அவற்றில் நியூட்ரோஃபில் கலந்திருக்கும். அந்த எதிர்ப்புப் புரதத்தை மட்டும் ரத்தத்தில்தான் தேட வேண்டும், அங்கேதான் அது நன்றாகக் கிடைக்கும். முதுகு நீரைப் பற்றிப் பேச வந்தவன் இதைச் சொல்லாமல் விட்டால் நாணயமாக இராது.

தெளிவான நீரும் ஒரு விடைதான். 1970-இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூவரும் 'நியூராலஜி இந்தியா' இதழில் சென்னையில் கண்ட ஒரு வகை இயக்க நரம்பணு நோயை எழுதினார்கள். இளவயதில் தொடங்குகிறது, கைகால் மெலிகிறது, முகமும் நாக்கும் பலமிழக்கின்றன, காது கேட்பது குறைகிறது. வழக்கமான அந்த நோயைவிட மிக மெதுவாகப் போகிறது. இன்று உலகப் பாடநூல்களில் அதற்கு மெட்ராஸ் பெயர்தான். இப்படி மெலிந்து வருகிறவரின் முதுகு நீர் சாதாரணமாக இருந்தால் நோய் நரம்பணுவில் என்பதற்குப் பலம் சேர்கிறது. அணு கூடாமல் புரதம் மட்டும் ஏறியிருந்தால் கதை வேறு. 1916-இல் பிரெஞ்சு ராணுவ வீரர் இருவரிடம் கியான், பாரே, ஸ்ட்ரோல் மூவரும் கண்டது அதைத்தான். அவர்கள் பெயரால் வழங்கும் அந்த நரம்பு நோய்க்கு நாள்பட்ட வடிவம் ஒன்று உண்டு, சி.ஐ.டி.பி. என்போம். ஸ்டீராய்டுக்கும் இம்யூனோகுளோபுலினுக்கும் இறங்கிவரும் நோய் அது. சக்கர நாற்காலியில் வந்தவர் நடந்து போகலாம்.

இனி மறதி. அறுபது வயது தாண்டிய இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கணக்கிட்டது. நம் ஊர்ப் பெரிய வீடுகளில் இதற்கு ஒரு தனித் தன்மை உண்டு. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். ஆச்சி வீட்டின் இரண்டாம் கட்டில் ஒரு அறையோடு இருக்கிறார். முன்னோர் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வருஷத்துக்கு ஒருமுறை வரும் மகனுக்கு மாற்றம் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் எப்போது தொடங்கியது என்று தெரியாது. தினமும் கூட இருக்கும் சமையல்கார அம்மாவுக்குத் தேதி தெரியும். அவரை யாரும் மருத்துவரிடம் அழைத்து வருவதில்லை. அழைத்து வாருங்கள். ஆறு வாரத்தில் மோசமானதா, ஆறு ஆண்டில் மோசமானதா என்பது தெரியாமல் முதுகு நீரிடம் என்ன கேட்பது?

முதலில் பார்க்க வேண்டியது வைட்டமின் பி12, தைராய்டு, மேகநோய் ரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால்தான் ஊசி. ஸ்கேனில் மூளையின் நீரறைகள் விரிந்து, அந்த ஆச்சிக்கு நடை குறுகி, பாதம் தரையை விட்டு எழும்பாமல், சிறுநீர் அடக்க முடியாமல், மறதியும் சேர்ந்தால் உடனே நினைக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு: என்.பி.எச்., அதாவது அழுத்தம் ஏறாமலே மூளையில் நீர் கட்டும் நோய். கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவில் 1957-இல் சாலமோன் ஹக்கீம் என்ற அறுவை மருத்துவர், விபத்தில் அடிபட்டு அரை மயக்கத்தில் கிடந்த பதினாறு வயதுப் பையனின் முதுகிலிருந்து, பரிசோதனைக்காக 15 மில்லி நீர் எடுத்தார். அழுத்தம் சாதாரணமாகவே இருந்தது. மறுநாள் பையன் பேசினான். 1965-இல் அது உலகறிந்த நோயானது. இப்போது 30 முதல் 50 மில்லி வரை எடுத்துவிட்டு, எடுப்பதற்கு முன்னும் பின்னும் நோயாளியை நடக்கவைத்துக் காலடிகளை எண்ணுகிறோம், நேரம் பார்க்கிறோம். நடை தேறினால், நீரை வயிற்றுக்குத் திருப்பும் குழாயைப் பொருத்தினால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். இங்கே பரிசோதனையே கொஞ்ச நேரத்துக்கு வைத்தியமாகவும் இருக்கிறது. மறதிக் கூட்டத்தில் இப்படி மீட்கக்கூடியவர்களை முதலில் தேடிப்பிடிப்பதுதான் நம் ஊருக்கு முக்கியம் என்பது என் துணிந்த கருத்து.

அல்சைமர் நோய்க்கான குறிகள் இன்னும் நுட்பமானவை. அதில் முதுகு நீரில் அமிலாய்டு பீட்டா 42 என்ற துண்டு கூடுவதில்லை, குறைகிறது. மூளையில் படிவங்களாகச் சிக்கிக்கொள்வதால் நீருக்கு வருவது சுருங்குகிறது. பாஸ்பேட் ஏறிய டாவ் புரதம் கூடுகிறது. ஸ்வீடன் நாட்டு கோத்தன்பர்க் நகரில் கை பிளென்னோவ், ஹென்ரிக் செட்டர்பெர்க் இருவரும் பல்லாண்டு உழைத்து இதை நிலைநாட்டினார்கள். ஒருவருக்கு இயல்பாகவே அமிலாய்டு குறைவாக ஊறலாம் என்பதால் 42-ஐ 40 என்ற துண்டால் வகுத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. அந்த விகிதத்தை அளக்கும் கருவிமுறை ஒன்றுக்கு அமெரிக்காவில் 2022 மே மாதம் அனுமதி கிடைத்தது.

இந்தப் பரிசோதனையில் எனக்கு எப்போதும் கவலை தருவது ஆய்வகம் அல்ல, குழாய். அமிலாய்டு கண்ணாடியிலும் சாதாரண பாலிஸ்டைரீன் குழாயிலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினது அளவில் வராது. ஆரோக்கியமானவருக்கு அல்சைமர் என்று அறிக்கை வந்துவிடும். பாலிபுரொப்பிலீன் குழாயில் நேரடியாகச் சொட்டவிட்டு, வேறு குழாய்க்கு மாற்றாமல், குளிர்நிலையில் அனுப்ப வேண்டும். காரைக்குடியில் எடுத்த நீர் கூரியரில் மும்பைக்கோ டெல்லிக்கோ போகும்போது, சித்திரை வெயிலில் அதை எந்தக் குழாயில் எப்படி அனுப்பினார்கள் என்று கேட்க நோயாளியின் வீட்டாருக்கு உரிமை உண்டு.

ஆறே வாரத்தில் மறதி முற்றி, கைகால் தூக்கித் தூக்கிப் போட்டால் அது கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயாக இருக்கலாம். ப்ரியான் என்ற கோணிய புரதத்தால் வருவது, மருந்து இல்லாதது. 2011-இல் ஜப்பானின் நாகசாகிக் குழுவினர் ஒரு வழி சொன்னார்கள். நல்ல புரதம் நிறைந்த கிண்ணத்தில் நோயாளியின் முதுகு நீர் ஒரு துளி விட்டுக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்; துளியில் கோணிய புரதம் இருந்தால் அது மற்றவற்றையும் தன்னைப் போல் கோணவைக்கும். ஒளிரும் சாயம் அதைக் காட்டிக்கொடுக்கும். பாலுக்கு உறை ஊற்றுகிற அதே வேலைதான். துளி உறையில் ஆற்றல் இருந்தால் பால் முழுதும் தயிராகும், இல்லாவிட்டால் பாலாகவே நிற்கும். அந்தப் பெயரை உறுதிசெய்வதைவிட, அதைப்போலத் தோன்றும் தன்னெதிர்ப்பு மூளைக்காய்ச்சலைத் தேடுவது எனக்கு முக்கியம். அதற்குச் சிகிச்சை உண்டு.

இதே உறை முறை பார்க்கின்சன் நோய்க்கு ஆல்ஃபா-சைனூக்ளின் புரதத்தில் வந்திருக்கிறது. 1,123 பேரிடம் செய்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பார்க்கின்சன் உள்ளவர்களில் 87.7 விழுக்காட்டினரிடம் அது நோயைக் காட்டியது. நடுக்கம் குறைவாக, ஆரம்பத்திலேயே பின்பக்கமாக விழுந்துகொண்டிருப்பவருக்கு பி.எஸ்.பி. என்ற இன்னொரு நோய் இருக்கலாம். அதில் இந்தப் புரதம் குற்றவாளி இல்லை என்பதால் உறை பெரும்பாலும் பிடிக்காது. இது இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தை விட்டு முழுதாக வெளியே வரவில்லை. பார்க்கின்சன் என்று தெளிவாகத் தெரிகிறவருக்கு இதற்காக ஊசி போட வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கான ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகிறேன். சின்ன வயதில் தட்டம்மை வந்து போய், ஏழெட்டு ஆண்டு கழித்துப் பள்ளியில் மார்க் குறைந்து, கையிலுள்ள பொருளை நழுவவிட்டு, உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்தால் எஸ்.எஸ்.பி.ஈ. என்ற நோயை நினைக்க வேண்டும். முதுகு நீரில் தட்டம்மை எதிர்ப்புப் புரதம் மிக அதிகமாக இருந்தால் அதுதான். நீர் சொல்லும் பதில்களில் எனக்கு மிகவும் கசப்பானது இது, ஏனென்றால் ஒரு தடுப்பூசியில் தவிர்த்திருக்கலாம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா இயக்கம் முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

ஊசி போடக் கூடாத இடங்களும் உண்டு. கட்டியால் மூளைக்குள் அழுத்தம் ஏறியிருந்தால் முதலில் ஸ்கேன். ரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், ரத்தத் தட்டணு குறைந்தவர்கள், முதுகில் புண் உள்ளவர்கள் ஆகியோருக்கு யோசித்துத்தான் செய்ய வேண்டும். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்ற சீட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மேடை இறங்கும் முன் ஒரு மாணவி துண்டுச்சீட்டில் கேட்டிருந்தார்: ரத்தத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார்களே, இனி இந்த ஊசி எதற்கு? அல்சைமருக்கு அது நடந்துகொண்டிருக்கிறது. 2025 மே மாதம் அமெரிக்காவில் முதல் ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது. முதுகு நீரில் பார்த்ததைக் கையில் எடுக்கும் ரத்தத்தில் பார்க்கிற காலம் இங்கேயும் வரும். மூளையுறைக் காசநோய்க்கும், விரிந்த நீரறைக்கும் அப்படி ஒரு குறுக்குவழி வரவில்லை. ஆக, நம் ஊரில் இந்த ஊசிக்கு வேலை இருக்கும்.

ஒரு பெரியவர் கேட்ட கேள்வி இன்னும் நேரானது: "ஊசி போட்டுட்டு எத்தனை நாள் தலகாணி இல்லாமப் படுக்கணும்?" படுக்க வேண்டியதில்லை. ஊசிக்குப் பின் நீண்ட நேரம் மல்லாந்து கிடப்பது தலைவலியைத் தடுப்பதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். தலைவலியைக் குறைப்பது ஊசியின் முனை. வெட்டு முனை ஊசியில் நூற்றுக்குப் பதினொரு பேருக்குத் தலைவலி வந்தது, பென்சில் முனை போன்ற ஊசியில் நாலு பேருக்குத்தான் என்று 2018-இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. தலையணை வைத்துக்கொள்ளுங்கள், காபி குடியுங்கள், வீட்டுக்கு நடந்து போங்கள். எழுந்தால் வலித்துப் படுத்தால் விடும் தலைவலி சில நாளில் தானாகப் போகும். போகாவிட்டால் உங்கள் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து ஊசி போட்ட இடத்தருகே உறைக்கு வெளியே செலுத்தி ஓட்டையை அடைப்பார்கள். எடுத்த பத்து மில்லி நீரா? மணிக்கு இருபது மில்லி ஊறுகிறது. நீங்கள் பேருந்தில் காரைக்குடியிலிருந்து பள்ளத்தூர் வந்து இறங்குவதற்குள் சரியாகிவிடும்.